கேமராவுக்குச் செய்த கார்டில் கணினி ஓட்டுவது

என்னிடம் ஒரு ராஸ்பெர்ரி பை இருந்தது, மெமரி கார்டில் இருந்து ஓடும் கையளவுக் கணினி. அறையின் வெப்பநிலையை அரை நிமிடத்துக்கு ஒருமுறை குறித்து வைப்பது மட்டும்தான் அதற்கு நான் கொடுத்திருந்த வேலை. ஒருநாள் அதில் வேண்டாத ஃபைல் ஒன்றை அழித்தேன். அழிந்தது. வேறு காரணத்துக்காக ரீபூட் செய்துவிட்டுப் பார்த்தால், அந்த ஃபைல் அதே இடத்தில் இருக்கிறது. மறுபடி அழித்தேன், ரீபூட் செய்தேன், மறுபடி வந்துவிட்டது. கார்டைக் கழற்றி லேப்டாப்பில் செருகி ஃபார்மேட் செய்தேன். பிழை எதுவும் காட்டாமல் முடிந்தது. எடுத்துத் திரும்பச் செருகினால் பழைய பார்ட்டிஷன், பழைய சிஸ்டம், அந்த ஃபைலும் சேர்த்து.

பேய்க்கதை இல்லை. மெமரி கார்டு சாகும் விதங்களில் இது ஒன்று. எழுதி எழுதித் தேய்ந்த பிறகு சில கார்டுகள் தங்களைப் பூட்டிக்கொள்ளும்: இனிமேல் படிக்க மட்டும்தான், எழுத முடியாது. அதிலும் சில கார்டுகள் அதை வாய்விட்டுச் சொல்லாது. எழுதச் சொன்னால் 'சரி, எழுதிவிட்டேன்' என்று பதில் வரும், உள்ளே ஒன்றும் நடந்திருக்காது. நான் அழித்த ஃபைல் அழிந்ததுபோலத் தெரிந்ததற்குக் காரணம், ரேமில் இருந்த நகலை லினக்ஸ், அதாவது அதில் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டம், எனக்குக் காட்டிக்கொண்டிருந்ததுதான். ரீபூட் செய்ததும் ரேம் காலி, கார்டில் இருந்த பழைய நிலை திரும்ப வந்துவிட்டது.

அது ஏன் தேய்ந்தது என்று புரிந்துவிட்டால், மெமரி கார்டை சிஸ்டம் டிரைவாக வைப்பது பற்றித் தெரிய வேண்டியதில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

சிஸ்டம் டிரைவ் என்றால் ஆபரேட்டிங் சிஸ்டம் குடியிருக்கும் இடம். கணினியை ஆன் செய்ததும் அங்கிருந்துதான் பூட் ஆகும், சிஸ்டத்தின் ஃபைல்கள் எல்லாம் அங்கேதான் இருக்கும். வழக்கமாக ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி இந்த வேலையைச் செய்யும். அந்த இடத்தில் எஸ்டி கார்டையோ காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டையோ வைக்கலாமா என்ற கேள்வி புதிதில்லை. காம்பேக்ட் ஃபிளாஷை சான்டிஸ்க் 1994-இல் கொண்டுவந்தது. அதில் ஒரு விசேஷம் உண்டு. மின்சாரம் வரும் நேரத்தில் அதன் ஒரு பின் கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், கார்டு அப்படியே பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க்கின் பாஷையில் பேசத் தொடங்கிவிடும். 'ட்ரூ ஐடிஇ' என்று அதற்குப் பெயர். ஆகவே காம்பேக்ட் ஃபிளாஷை ஐடிஇ கேபிளில் மாட்டித் தரும் அடாப்டருக்குள் மூளை என்று எதுவும் தேவையில்லை, ஒரு பக்கத்துப் பின்னை மறுபக்கத்துப் பின்னோடு சேர்க்கும் தடங்கள் போதும். ஃபயர்வால் பெட்டிகள், தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுக் கருவிகள், டிஸ்க் செத்துப்போன பழைய லேப்டாப்புகள் என்று இந்த வித்தை பல வருடம் ஓடியது. பழைய கணினிகளை உயிர்ப்பிக்கும் ஆட்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். சுற்றும் தட்டு இல்லை, சத்தம் இல்லை, சூடு குறைவு. தலை நகர்ந்து இடம் தேடும் தாமதமும் இல்லாததால் அந்தக் காலத்துக் கணினி திடீரென்று சுறுசுறுப்பாகிவிடும்.

அப்புறம் 2012-இல் ராஸ்பெர்ரி பை வந்தது. போர்டிலேயே எஸ்டி கார்டுக்கு ஒரு வாய், ஹார்ட் டிஸ்க் மாட்ட இடமே இல்லை. 2014-இல் வந்த பி பிளஸ் மாடலில் இருந்து அந்த வாய் மைக்ரோ எஸ்டி அளவுக்குச் சிறுத்தது. அதோடு, கார்டில் கணினி ஓட்டுவது சில ஆர்வலர்களின் விளையாட்டு என்ற நிலை மாறி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் முதல் நாள் செய்யும் காரியம் ஆகிவிட்டது.

சிலேட்டும் துணியும்

உள்ளே இருக்கும் சரக்கைப் பார்ப்போம். எஸ்டி கார்டு, பென் டிரைவ், எஸ்எஸ்டி மூன்றுக்குள்ளும் இருப்பது நேன்ட் ஃபிளாஷ் என்ற ஒரே வகைச் சிப்தான். தோஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்கா ஃபிளாஷ் மெமரியை 1984-இல் அறிவித்தார், அதன் நேன்ட் வடிவத்தை 1987-இல். ஃபிளாஷ் என்ற பெயர் அவருடைய சக ஊழியர் ஒருவர் சொன்னது. ஒரு பெரிய பகுதி ஒரே மூச்சில் அழிவது அவருக்குக் கேமராவின் ஃபிளாஷை நினைவூட்டியதாம். அந்தப் பெயரிலேயே சிக்கலும் ஒளிந்திருக்கிறது.

சிலேட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரி வரியாக எழுதலாம். ஆனால் அழிக்கும் துணி சிலேட்டின் அளவுக்கே பெரியது, ஒரு வரியை மட்டும் அழிக்க வராது, அழித்தால் சிலேட்டு மொத்தமும் போகும். ஏற்கெனவே எழுதிய வரியின் மேலேயே திருத்தி எழுதவும் முடியாது. ஃபிளாஷ் சிப்பில் வரிக்குப் பெயர் பேஜ், 4 கேபி முதல் 16 கேபி வரை இருக்கும். சிலேட்டுக்குப் பெயர் பிளாக், பல நூறு கேபியில் இருந்து பல எம்பி வரை போகும். பேஜ் பேஜாக எழுதலாம், பிளாக் பிளாக்காகத்தான் அழிக்கலாம்.

சரி, அப்படியானால் ஒரு ஃபைலின் நடுவில் ஒரு எழுத்தைத் திருத்த வேண்டுமென்றால்? கார்டுக்குள் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன மூளை இருக்கிறது. அது திருத்திய பேஜை வேறொரு காலி இடத்தில் எழுதிவிட்டு, 'பழைய இடம் செல்லாது' என்று தன் குறிப்பேட்டில் போட்டுக்கொள்ளும். காலி இடம் தீர்ந்ததும் ஒரு பிளாக்கைப் பிடித்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் பேஜ்களை மட்டும் வேறு இடத்துக்கு நகலெடுத்துவிட்டு, பிளாக்கைத் துடைக்கும். நீங்கள் கேட்டது ஒரு எழுத்து, உள்ளே நடந்ததோ சில எம்பி எழுத்து வேலை. இந்தப் பெருக்கத்துக்கு ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்று பெயர். கார்டின் ஆயுளைத் தீர்மானிப்பது நீங்கள் எழுதும் அளவைவிட இந்தப் பெருக்கம்தான்.

ஏனென்றால் ஒவ்வொரு பிளாக்கையும் இத்தனை முறைதான் அழிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை சுமார் 1,00,000 முறை தாங்கும். இரண்டு பிட் வைக்கும் எம்எல்சி சில ஆயிரம். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி சுமார் ஆயிரத்தில் இருந்து மூவாயிரம். நான்கு பிட் என்றால் இன்னும் குறைவு. அதே இடத்தில் அதிகம் திணிக்கத் திணிக்க விலை இறங்கும், ஆயுளும் இறங்கும். சாதாரணமாக விற்கும் கார்டுகளில் உள்ளே எந்த வகை என்று அட்டையில் பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது என் செத்த கார்டுக்கு வருவோம். அது 8 ஜிபி. அரை நிமிடத்துக்கு ஒரு வரி என்றால் ஒரு நாளைக்கு 2,880 வரி. ஒரு வரி 40 பைட் என்று வைத்தால் நாளுக்கு மொத்தம் 115 கேபி. ஒரு செல் 1,000 முறை தாங்கும் என்று எடுத்துக்கொண்டால் அந்த 8 ஜிபி கார்டில் 8,000 ஜிபி எழுதலாம். வகுத்துப் பார்த்தால் 1,90,000 வருடம் வரும். ஆனால் நான் அந்தப் புரோகிராமை எப்படி எழுதியிருந்தேன் தெரியுமா? ஒவ்வொரு வரியும் தொலைந்துபோகாமல் உடனுக்குடன் கார்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருந்தேன். மோசமான நிலையில், ஒவ்வொரு வரிக்கும் 4 எம்பி பிளாக் ஒன்று புதிதாக எழுதப்படுகிறது என்று வையுங்கள். 2,880 தடவை 4 எம்பி, கிட்டத்தட்ட 11.5 ஜிபி. தினமும். 8,000-ஐ அதால் வகுத்தால் 695 நாள், இரண்டு வருடம்கூட இல்லை. அதுவும் தேய்மானம் கார்டு முழுக்கச் சமமாகப் பரவும் என்று நல்ல மனதோடு போட்ட கணக்கு. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது இங்கே பழமொழியே இல்லை, பொறியியல்.

திருத்தம் என்னவோ இரண்டு வரிதான். அளவுகளை ரேமில் சேர்த்து வைத்து மணிக்கு ஒருமுறை மொத்தமாக எழுதினால் ஒரு நாளைக்கு 24 தடவை. அதே மோசமான கணக்கில் 11.5 ஜிபி என்பது 96 எம்பி ஆகிவிடுகிறது. மின்சாரம் போனால் அதிகபட்சம் ஒரு மணி நேரத்து வெப்பநிலை போகும், போகட்டும்.

கேமரா எழுதும் விதமும் சிஸ்டம் எழுதும் விதமும்

எஸ்எஸ்டிக்குள்ளும் அதே சிப்தானே, அது மட்டும் ஏன் தாங்குகிறது? கன்ட்ரோலர் வேறு. எஸ்எஸ்டியில் வலுவான கன்ட்ரோலர், தனியே ஒதுக்கி வைத்த உபரி இடம், தேய்மானத்தை எல்லாப் பிளாக்குகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் நல்ல ஏற்பாடு எல்லாம் உண்டு. எவ்வளவு தேய்ந்திருக்கிறேன் என்று ஸ்மார்ட் என்ற சுயபரிசோதனை வசதி வழியாகச் சொல்லவும் செய்யும். நகத்தளவு மைக்ரோ எஸ்டியில் இத்தனைக்கும் இடமில்லை. அதன் கன்ட்ரோலர் ஒரே ஒரு வாடிக்கையாளரை மனதில் வைத்துச் செய்யப்பட்டது: கேமரா. கேமரா ஒரு படத்தையோ வீடியோவையோ தொடர்ச்சியாக, பெரிய துண்டாக எழுதும், பிறகு சும்மா இருக்கும். ஆபரேட்டிங் சிஸ்டம் இதற்கு நேர் எதிர். இங்கே 4 கேபி, அங்கே 4 கேபி, லாக்கில் ஒரு வரி, டேட்டாபேஸில் ஒரு மாற்றம், பிரௌசரின் கேஷில் ஒரு துணுக்கு என்று ராத்திரி பகலாகக் கொறித்துக்கொண்டே இருக்கும்.

கார்டின் மேலிருக்கும் வேக முத்திரையில் பலர் ஏமாறுவதும் இதனால்தான். கிளாஸ் 10 என்றால் நொடிக்குக் குறைந்தது 10 எம்பி, யு3 என்றால் 30 எம்பி. இரண்டுமே தொடர்ச்சியாக எழுதும்போது உள்ள வேகம், அதாவது வீடியோவுக்கான உத்தரவாதம். சிதறிய சின்ன எழுத்துக்கு அது எதையும் உறுதி சொல்லவில்லை. சிஸ்டம் டிரைவுக்குப் பார்க்க வேண்டிய முத்திரை ஏ1, ஏ2 இரண்டும்தான். ஏ1 கார்டு 4 கேபி துண்டுகளாக நொடிக்கு 1,500 முறை படிக்கவும் 500 முறை எழுதவும் வேண்டும். ஏ2 என்றால் 4,000 படிப்பு, 2,000 எழுத்து. 500 எழுத்து என்பது பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 2 எம்பிதான் என்பதையும் கவனியுங்கள். அட்டையில் 100 எம்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் அதே கார்டில்தான் இதுவும். இன்னொன்று, ஏ2-வின் வேகம் முழுதாக வர, கார்டைப் படிக்கும் கருவியும் கமாண்ட் கியூ (பல கட்டளைகளை வரிசையில் நிறுத்தி வைப்பது) போன்ற வசதிகளைப் பயன்படுத்தத் தெரிந்ததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நல்ல ஏ1 கார்டே தேவலை.

எழுதும் பழக்கம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு சர்வர் உலகில் ஒரு நல்ல உதாரணம் உண்டு. ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ பல வருடம் எஸ்டி கார்டில் இருந்து பூட் ஆகிக்கொண்டிருந்தது. பூட் ஆனதும் அது ரேமிலேயே ஓடும், கார்டில் எழுதுவது அரிது, அதனால் யாருக்கும் தலைவலி இல்லை. 2020-இல் வந்த 7.0 பதிப்பில் டிஸ்க்கின் அமைப்பை மாற்றினார்கள், பூட் டிரைவில் எழுதும் வேலை கூடியது. அதுவரை ஒழுங்காக இருந்த கார்டுகள் ஒவ்வொன்றாகப் படுக்க ஆரம்பித்தன. கடைசியில் எஸ்டி கார்டை மட்டும் நம்பாமல் நிலையான டிரைவ் ஒன்று வையுங்கள் என்று அந்த நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. கார்டு மாறவில்லை, அதில் எழுதும் பழக்கம் மாறியது. அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுதவிடாமல் வைத்திருப்பது

ஆக, கார்டில் சிஸ்டம் வைக்கிறவரின் வேலை ஒன்றே ஒன்று: அதைத் தேவையில்லாமல் எழுதவிடாதீர்கள். படிப்பது எவ்வளவு வேண்டுமானாலும் படிக்கட்டும்.

முதலில் ஸ்வாப். ரேம் போதாதபோது சிஸ்டம் டிஸ்க்கைத் துணை ரேமாகப் பயன்படுத்தும், கார்டுக்கு அதைவிடக் கொடிய எதிரி கிடையாது. அணைத்துவிடுங்கள். ரேம் குறைவாக இருந்தால் ஜிரேம் வையுங்கள், அது ரேமுக்குள்ளேயே தகவலைச் சுருக்கி வைத்துக்கொள்ளும், கார்டைத் தொடாது.

அடுத்தது பலருக்கும் தெரியாத ஒன்று. லினக்ஸில் ஒரு ஃபைலைப் படித்தாலே 'இது இன்ன நேரத்தில் படிக்கப்பட்டது' என்று எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. படிப்பதற்கும் எழுத்துக் கூலி! 2009-இல் இருந்து ரெல்ஏடைம் என்ற ஏற்பாட்டால் இது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றாலும், டிரைவ்களை எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் நோஏடைம் என்று சேர்த்துவிட்டால் அடியோடு நின்றுவிடும். தற்காலிக ஃபைல்களின் டைரக்டரியை டெம்ப்எஃப்எஸ் (ரேமிலேயே இருக்கும் ஃபைல் சிஸ்டம்) ஆக்கி ரேமுக்கு அனுப்பலாம். பின்னணிச் சேவைகளை நிர்வகிக்க சிஸ்டம்டி பயன்படுத்தும் லினக்ஸாக இருந்தால் ஜர்னல் லாகையும் ரேமில் மட்டும் வைக்கச் சொல்லலாம். விலை என்னவென்றால், சிஸ்டம் விழுந்தால் அது ஏன் விழுந்தது என்று சொல்லும் லாகும் சேர்ந்தே போய்விடும். பிரச்சினை தேடிக்கொண்டிருக்கும் நாட்களில் அதைத் திரும்பக் கார்டுக்கு மாற்றிக்கொள்வேன்.

இதையெல்லாம்விட உறுதியான வழி, சிஸ்டம் மொத்தத்தையும் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து, மேலே ரேமில் ஒரு படலத்தை விரிப்பது. ஓவர்லே என்பார்கள். எழுதுவதெல்லாம் படலத்தில் விழும், ஆஃப் செய்தால் மறையும், கார்டு பிறந்த மேனியாக இருக்கும். ராஸ்பெர்ரி பையின் சிஸ்டத்தில் ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியிலேயே இதற்கு ஒரு பொத்தான் போன்ற தேர்வு இருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட் காலத்தில் என்ஹான்ஸ்டு ரைட் ஃபில்டர் செய்ததும் இதே வேலைதான். அப்டேட் போடும் முன் படலத்தை எடுக்க மறந்தால் அப்டேட்டும் ஆவியாகிவிடும். எனக்கு இரண்டு முறை ஆகியிருக்கிறது.

ஃபைல் சிஸ்டம் எது என்று பலரும் நெடுநேரம் விவாதிப்பார்கள். ஃபிளாஷுக்கென்றே சாம்சங் உருவாக்கிய எஃப்2எஃப்எஸ் 2013-இல் வந்த லினக்ஸ் 3.8-இல் இருந்து இருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஸ்வாப்பையும் லாகையும் அடக்கிவிட்டவருக்கு லினக்ஸின் வழக்கமான இஎக்ஸ்டி4 போதும் என்பது என் கட்சி.

மின்சாரம் திடீரென்று போவது தனி ஆபத்து. கன்ட்ரோலர் ஒரு பிளாக்கில் இருந்து இன்னொன்றுக்குச் சரக்கை மாற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கரண்ட் போனால், நீங்கள் தொடாத, மாதக்கணக்காகச் சும்மா கிடந்த ஃபைல்கூடப் பழுதாகலாம். அந்த ஃபைல் அதே பிளாக்கில் குடியிருந்திருக்கும். ஃபைல் சிஸ்டத்தின் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பதிவு) இதைக் காப்பாற்றாது, அதற்குக் கார்டுக்குள் நடப்பது தெரியாது. ஆகவே பிளக்கைப் பிடுங்காமல் ஷட் டவுன் செய்யுங்கள், போர்டுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சரியாகக் கொடுக்கும் அடாப்டர் வையுங்கள்.

விண்டோஸைக் கார்டில் போடலாமா என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: மெனக்கெட வேண்டாம். சாதாரண கார்டுகள் தங்களைக் 'கழற்றக்கூடியது' என்று அறிமுகம் செய்துகொள்ளும், விண்டோஸின் இன்ஸ்டாலர் அப்படிப்பட்ட டிரைவை ஏற்காமல் முரண்டு பிடிக்கும். விண்டோஸ் டு கோ என்று மைக்ரோசாஃப்ட்டே ஒரு வழி வைத்திருந்தது, அதையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள்.

வாங்கும்போது தேவையைவிடப் பெரிய கார்டாக வாங்குங்கள். மேலே போட்ட கணக்கில் 8 ஜிபிக்குப் பதில் 64 ஜிபி என்று போட்டுப் பாருங்கள், 695 நாள் பதினைந்து வருடம் ஆகும். ஹை என்டியூரன்ஸ் என்று போட்ட கார்டுகள் கார் கேமராவுக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கும் செய்தவை, தாங்கும். ஆனால் அவை நினைப்பதும் தொடர் எழுத்தைத்தான் என்பதால் ஏ1 முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போலி கார்டுகள் நிறைய உலவுகின்றன, 8 ஜிபி சிப்பை வைத்து 128 என்று பொய் சொல்லும் கார்டுகளும் உண்டு. வந்த அன்றே லினக்ஸில் எஃப்3, விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ இவற்றில் ஒன்றை ஓட்டி, கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துச் சரிபாருங்கள்.

எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்ற அன்றைக்கு ஷட் டவுன் செய்து, கார்டை முழு இமேஜாக, அதாவது அச்சு அசலான நகலாக ஒரே ஃபைலில், எடுத்து வையுங்கள். 32 ஜிபி என்று போட்ட இரண்டு கார்டுகள் துல்லியமாக ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது, இமேஜ் சில எம்பியில் புதுக் கார்டில் கொள்ளாமல் போகலாம். அதனால் கடைசிப் பார்ட்டிஷனைக் கொஞ்சம் சுருக்கிவிட்டு எடுப்பது நல்லது.

டேட்டாபேஸ், டவுன்லோட், நாள் முழுக்கப் பிரௌசர் என்று எழுத்து வேலை ஓயாத கணினிக்கு இந்த வைத்தியம் எதுவும் போதாது. ராஸ்பெர்ரி பை 4, 5 இரண்டும் யுஎஸ்பி வழியாக எஸ்எஸ்டியில் இருந்தே பூட் ஆகும், 5-இல் என்விஎம்இ வகை எஸ்எஸ்டி மாட்டவும் வழி இருக்கிறது. அங்கே கார்டோடு மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை.

என் செத்த கார்டைத் தூக்கிப் போடவில்லை. செருகினால் இன்றைக்கும் ஒழுங்காக பூட் ஆகிறது. அந்த ராஸ்பெர்ரி பையில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது, அணையும்போது நேரத்தை ஒரு ஃபைலில் எழுதி வைத்து, எழும்போது அதைப் படித்துக்கொள்ளும். நெட் இணைப்பு இல்லாமல் ஆன் செய்தால் ஒவ்வொரு தடவையும் கார்டு பூட்டிக்கொண்ட அந்த நாளின் அதே நிமிடத்தில் இருந்துதான் கடிகாரம் கிளம்புகிறது.